அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

சென்னையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது பாரிமுனைப் பக்கம், தம்பு செட்டித் தெருவில். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார்செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம். மதுரையிலிருந்து வந்தவனுக்கு அந்த இடம் பெரிய சந்தை மாதிரி இருந்தது. ஆண்டர்சன் தெருவுக்குள் போனால் கல்யாணப் பத்திரிகையும் காகிதமும் தவிர வேறில்லை. பத்ரியன் தெருவுக்குள் போனால் பூ வாசம். ஒரு தெருவுக்கு ஒரு தொழில். மதியம் சாப்பாட்டுக்கு விடும் நேரத்தில் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று நடக்க ஆரம்பித்தேன்.

அப்படி நடக்கும்போது கண்ணில் பட்டதுதான் அரண்மனைக்காரத் தெரு. எந்த ராஜாவின் அரண்மனை? தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனேன். கச்சாலீஸ்வரர் கோயில் இருந்தது. புனித மரியன்னை ஆலயம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அந்தோணியாரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். பழைய கோகலே மண்டபம் இருந்தது. அரண்மனை மட்டும் இல்லை.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன்.

“அரண்மனையும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஆர்மேனியன் ஸ்ட்ரீட். ஆர்மேனியன், ஆர்மேனியன்னு சொல்லிச் சொல்லி ஜனங்க வாயில அரண்மனைக்காரன் ஆயிடுச்சு. அந்தப் பெரிய மரக்கதவு இருக்கே, உள்ள போயிருக்கியா?”

போயிருக்கவில்லை. அந்தக் கதவை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், உள்ளே போகலாம் என்றே தோன்றியதில்லை. மறுநாள் போனேன். தெருவில் மீன்பாடி வண்டி, லோடு ஆட்டோ, ஹாரன் சத்தம். கதவைத் தாண்டிப் பத்தடி வைத்ததும் அத்தனையும் அடங்கிவிட்டது. மர நிழல், வெள்ளைச் சுவர், தாழ்வாரம். தரையில் பதித்திருப்பது வெறும் பாவுகல் என்று நினைத்து மிதிக்கப்போனேன். எழுத்து தெரிந்தது. குனிந்து பார்த்தால், எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. கொக்கி கொக்கியாக, வரிசை பிசகாமல், கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து. எல்லாம் கல்லறைகள். காலை மெதுவாகப் பின்னால் எடுத்தேன்.

இப்போது இருக்கும் ஆர்மேனியத் தேவாலயம் 1772-ல் கட்டியது. துணியும் ரத்தினமும் விற்க வந்த ஆர்மேனிய வணிகர்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் மர்மலாங் பாலம் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனியர். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் கட்டிக்கொடுத்ததுதான். அந்தப் பழைய பாலம் இன்று இல்லை, அதே இடத்தில் இருப்பது மறைமலையடிகள் பாலம். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-ல் அச்சானது இந்தச் சென்னையில்தான். பெயர் ‘அஸ்தரார்’. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் இந்த வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ஒரு மொழியின் முதல் பத்திரிகை அந்த மொழி பேசும் நாட்டில் இல்லாமல் நம் ஊரில் பிறந்திருக்கிறது என்பதை நினைத்து நான் இன்றுவரை ஆச்சரியப்படுகிறேன். இப்போது இங்கே வழிபடுவதற்கு ஆர்மேனியர்கள் இல்லை. ஆனாலும் கோபுரத்தில் 6 மணிகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை அடிக்கிறார்கள்.

மாலையில் போகாதீர்கள், கதவு பூட்டியிருக்கும். காலையில் போங்கள். கல்லறைக் கற்களைப் பார்த்து நடங்கள்.

அன்று திரும்பி வந்து அண்ணனிடம் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வந்தவங்க கதை உனக்கு அவ்ளோ பிடிக்குதா? சாயந்திரம் வா, நான் ஒண்ணு காட்டுறேன்” என்றார்.

அவர் கூட்டிக்கொண்டு போனது செகண்ட் லைன் பீச். இந்தப் பெயரே ஒரு விஷயம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடலே இல்லாத தெருவுக்குப் பீச் என்று பெயர். ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அலை அந்தச் சாலை ஓரம்வரை வந்துகொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகுதான் மணல் சேர்ந்து கடல் தள்ளிப்போனது. பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார், அதற்குப் பின்னால் இந்தத் தெரு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். தள்ளுவண்டிக்கு முன்னால் பெஞ்சு. வண்டி மேல் ஆரஞ்சு நிறத்தில் மலை மாதிரி நூடுல்ஸ். எனக்கு அதைப் பார்த்ததும் சாப்பிடத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அண்ணன், “அத்தோ ரெண்டு, முட்டை ரெண்டு” என்றார்.

வண்டிக்கார அக்கா கலந்ததை நான் இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். ஒரு கிண்ணத்தில் இரண்டு பிடி நூடுல்ஸ். அது சூடாக இருக்காது. மெலிசாகச் சீவிய பச்சை முட்டைகோஸ் ஒரு பிடி, வெங்காயம் ஒரு பிடி. பேஜோவை, அதாவது தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்ததை, உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போட்டார். பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு. அந்தப் பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி. புளித்தண்ணீர், உப்பு, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், கொத்தமல்லி, ஒரு எலுமிச்சைப் பிழிவு. பிறகு கையை உள்ளே விட்டு, பிசையாமல், அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் போட்டார். ஆறேழு தடவை. நூடுல்ஸ் அறுபடவில்லை. தட்டில் கொட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றி வைத்தார். மிளகு தூக்கலாக, ஆவி பறக்கும் சூப்.

நான் நூடுல்ஸையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி, “இன்னாப்பா, சூப்பை ஆறவுட்டுக்கினு இருக்கே? ஒரு வாய் அது, ஒரு வாய் இது. அப்பத்தான் இறங்கும்” என்றார். சொன்னபடி செய்தேன். குளிர்ந்த நூடுல்ஸின் புளிப்புக்கும் காரத்துக்கும் மேல் அந்தச் சூடு போனதும் ருசியே வேறாகிவிட்டது. அடுத்து முட்டை. அவித்த முட்டையை நடுவில் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீரும் மிளகாயும் விட்டுத் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டையில் ஒழுகிவிடும்.

சாப்பிட்டு முடித்து நிற்கும்போது அண்ணன் சொன்னார்: “நான் ரங்கூன்ல பொறந்தவன் தம்பி.”

அவ்வளவு நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நே வின் அரசு 1964-ல் கடைகளையும் வணிகத்தையும் தேசியமயமாக்கியது. அதே வருஷம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. பல தலைமுறையாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் கடை, வீடு, சேமிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறின. அண்ணனுக்கு அப்போது 7 வயது. “அப்பா கையில ஒரு பெட்டி. அம்மா இடுப்புல தங்கச்சி. ஹார்பர்ல இறங்கினப்ப இதுதான் நம்ம ஊருன்னு அப்பா சொன்னாரு. எனக்கு ஒரு ஆள் தெரியாது.” அப்படி வந்தவர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரம் அரசு ஒதுக்கிக் கொடுத்த கடைகள்தான் பர்மா பஜார் ஆனது. வியாசர்பாடிப் பக்கம் குடியிருப்புகள் வந்தன. மறுபடி பர்மாவுக்கே திரும்ப ஆசைப்பட்டுத் தரைவழியாகப் புறப்பட்ட சிலர், எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

பர்மிய மொழியில் அத்தோ என்றால் கையால் கலந்தது என்று அர்த்தம். மொய்ங்கா என்று இன்னொன்று உண்டு, வாழைத்தண்டு போட்ட குழம்பில் சேமியா மாதிரி நூடுல்ஸ். அங்கே அது மீன் போட்டுக் காய்ச்சுவது, காலைச் சாப்பாடு. இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது, நேரமும் சாயந்திரம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு அதில் வருத்தம் உண்டு. “எங்கம்மா செய்யறது இப்படி இருக்காது” என்பார். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துவிடுவார்.

அதற்குப் பிறகு நான் இந்த ஊரைச் சுற்றிய விதம் மாறிப்போனது. முன்பெல்லாம் ஆட்டோக்காரரிடமோ கடைக்காரரிடமோ, “இங்கே நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் விருந்தாளிக்குச் சொல்லும் பதில்தான் வரும். கண்ணாடிக் கதவு, ஏசி உள்ள ஏதாவது ஒன்றின் பெயர். “நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு நொடி யோசிப்பார்கள், உங்களை ஒரு தடவை பார்ப்பார்கள், அப்புறம்தான் உண்மையான பதில் வரும். “அந்தக் குடோன் பக்கத்துல ஒரு அம்மா வைப்பாங்க, 1 மணிக்குள்ள போனா கிடைக்கும்” என்பது மாதிரி. எனக்குக் கிடைத்த நல்ல சாப்பாட்டில் பாதி இப்படிக் கிடைத்ததுதான். போனில் நட்சத்திரம் பார்த்து இந்த இடங்களுக்குப் போக முடியாது, ஏனென்றால் அங்கே தினம் சாப்பிடுகிறவர்கள் நட்சத்திரம் போடுவதில்லை. மறுநாளும் வருகிறார்கள், அவ்வளவுதான்.

நேரமும் முக்கியம். ஒரே தெரு காலை 5 மணிக்கு ஒரு ஊர், இரவு 9 மணிக்கு வேறு ஊர். கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது என்று படித்துவிட்டு, இனி அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். விடியற்காலை போய்ப் பாருங்கள். மளிகை மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்காக டீயும் இட்லியும் தயாராக இருக்கும். ராயபுரம், காசிமேடு பக்கத்தில் காலை வேளையில் வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுடும் ஆயாக்கள் இருக்கிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடு பஞ்சு. வடகறி வேண்டுமா, தேங்காய்ப்பால் வேண்டுமா என்று கேட்பார்கள். மாவு தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இன்னும் கொஞ்சம் மாவு கரைத்து இன்னும் நாலு பேருக்குப் போடலாமே என்ற பேச்சே கிடையாது.

இந்த ஆயாக்களின் தெருப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, காரணமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மெஸ் இருந்தது. பத்துப் பேர் உட்காரலாம். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஒரே மாதத்தில் வாசலில் வரிசை. அந்த அம்மாவுக்கு வியாபாரம் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அரை மணி நேர இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு ஓடவேண்டிய லோடுமேன்களால் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை. அவர்கள் வராமல் போனார்கள். கொஞ்ச நாளில் வீடியோ பார்த்து வந்தவர்களும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். அதனால் கடைக்காரரிடம் கேட்காமல் போனை நீட்டாதீர்கள். ஏற்கெனவே ஊரறிந்த கடை என்றால் பரவாயில்லை.

ஊரறிந்த கடைகள் என்றால் சாவுகார்பேட்டையைச் சொல்லலாம். தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபியும், என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய் இட்லியும் எல்லோருக்கும் தெரியும். நெய் இட்லிக்குச் சாயந்திரத்துக்கு மேல் போக வேண்டும். நான் சொல்ல வருவது முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் முறுக்கு. நடுவில் வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி, மேலே தூவும் மசாலா. மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்களில், நம் வீட்டு முறுக்கு இப்படி ஒரு வேஷம் போட்டிருக்கிறது. கையில் கிடைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் ஊறிப்போகும். அத்தோவும் இதுவும் இரண்டு மைல் தூரத்துக்குள் பிறந்தவை, இரண்டும் வந்தவர்களின் கையும் இருந்தவர்களின் கையும் சேர்ந்து கலந்தவை.

பார்க்கிற இடங்களிலும் எனக்குப் பிடித்தவை இப்படிப்பட்டவைதான். பாரிமுனைச் சந்திப்பில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது. கோட்டையைச் சுற்றிய வெட்டவெளியின் எல்லை இதுதான், இதற்கு உள்ளே வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் நட்ட தூண்களில் மிஞ்சியது. பல்லாயிரம் பேர் தினமும் அதைக் கடந்து பஸ் பிடிக்கிறார்கள். ஹைகோர்ட் மதில் சுவரில் ஒரு பலகை உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடம். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்ன சொல் இந்தச் சுவரில் தொடங்குகிறது.

வடக்கே கொஞ்சம் போனால் மாடிப் பூங்கா. பெயரைக் கேட்டால் மொட்டை மாடித் தோட்டம் என்று நினைப்பீர்கள். அது ஊர் மதில். பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் மாறி மாறி மிரட்டிய பிறகு, கம்பெனிக்காரர்கள் கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்கு வரி போடப் பார்த்ததால் மேற்குப் பக்கத்துத் தெருவுக்கு வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் வந்தது. அந்த மதிலில் மிஞ்சிய ஒரு துண்டின் மேல்தான் பூங்கா போட்டிருக்கிறார்கள். படியேறி நின்றால், கீழே செங்கல் சுவரின் தடிமன் தெரியும். கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சிவப்பு வண்ணமும் வெள்ளைத் தூண்களுமாக முகப்பு இன்னும் கம்பீரமாக இருக்கிறது. நான் போன மதியத்தில் அந்தத் தூண் நிழலில் நாலு பேர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. நானும் வேலை மாறி, தெற்கே குடிவந்துவிட்டேன். ஆனாலும் மாதத்தில் ஒரு நாளாவது ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கிவிடுவேன்.

போன மாதம் என் அக்கா மகன் மதுரையிலிருந்து வந்திருந்தான். ப்ளஸ் ஒன் படிக்கிறான். “யாருக்கும் தெரியாத இடமா கூட்டிட்டுப் போங்க மாமா” என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரண்மனைக்காரத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைகள் எல்லாம் அடைத்திருந்ததால் தெரு அகலமாகத் தெரிந்தது. நாங்கள் கதவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக, வேறு வேறு சுருதியில். அந்தச் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் ரீங்காரம் இருந்தது.

அவன் தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லின் எழுத்துப் பள்ளத்தில் விரலை விட்டு மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தான். சிறிது நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தான்.

“மாமா, இவங்க இங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?”

எனக்கு இத்தனை வருஷத்தில் அது தோன்றவே இல்லை. இந்தத் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். ஊர் நினைப்பில் யாரோ ஒரு அம்மா ஏதோ கிண்டியிருப்பாள், இங்கே கிடைத்த புளியையும் மிளகையும் போட்டுப் பார்த்திருப்பாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தும் அனுப்பியிருக்கலாம். அது எந்தத் தள்ளுவண்டிக்கும் வந்து சேரவில்லை.

வெளியே வந்தோம். அடைத்த ஷட்டர் ஒன்றின் படியில் ஒருவர் டீ கேனோடு உட்கார்ந்திருந்தார். மருமகன் எனக்கு முன்னால் போய் அவரிடம், “அண்ணே, நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?” என்று கேட்டான். அவர் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மண்ணடிப் பக்கம் கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பித்தார்.